பாடத் தளமும் பணித் தளமும்

ஓர் ஊரிலே பாடசாலை எழும்பும்போது அதன் வாயில் எத்திசையை நோக்குதல் வேண்டும், கிணறு எங்கே அமைதல் வேண்டும், மாணாக்கர் கூடிநின்று பேச நிழல்மரம் உண்டா என்பனவற்றையெல்லாம் ஊரார் கூடி ஆராய்வது வழக்கம். கடந்த சில ஆண்டுகளுள் நம் நாட்டிலே கல்லும் சுண்ணாம்பும் இன்றியே எண்ணிறந்த வகுப்பறைகள் எழுந்துவிட்டன. இணையத்திலே எழுந்த இவ்வகுப்பறைகளின் அமைப்பைப் பற்றி ஆசிரியர் உலகமோ பெற்றோர் உலகமோ போதிய அளவு சிந்தித்ததாகத் தெரியவில்லை. அவை அவசரத்திலே எழுந்தவை. அவசரம் தீர்ந்த பின்னரும் அந்த அவசரக் கோலத்துடனேயே நிலைத்துவிட்டன.

2020 மார்ச்சிலே பெருந்தொற்றின் பொருட்டுப் பாடசாலைகளும் பல்கலைக்கழகங்களும் மூடப்பட்டபோது, கற்பித்தல் எப்படியாவது தொடர்தல் வேண்டும் என்ற ஒரே நோக்கத்தோடு இணையத்தை நாடினோம். அன்று அதனைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. ஆனால் இன்று ஆற அமர இருந்து ஒரு வினாவை எழுப்புவதற்கு நமக்கு அவகாசம் உண்டு. நாம் அமைத்திருப்பவை கற்கும் இடங்களா, அன்றிக் குறிப்புக்களைக் குவித்துவைக்கும் பண்டசாலைகளா? இந்த வினாவுக்கு விடை காண்பதற்கு, இத்தகைய தளங்கள் உலகிலே எவ்வாறு தோன்றின என்பதைச் சிறிது நோக்குதல் வேண்டும்.

தோன்றிய வரலாறு

கணினி வழியே பாடம் புகட்டும் முயற்சி நாம் எண்ணுவதிலும் முதியது. அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்திலே 1960இல் பிளேற்றோ என்னும் பெயருடன் அது தொடங்கிற்று. தொடக்கத்திலே கணினி வினாவை எழுப்பும். மாணவன் விடை கூறுவான். சரியா பிழையா என்று கணினி சொல்லும். ஆசிரியரின் பிரம்பு ஒன்றுதான் இல்லை. மற்றெல்லாம் பழைய வகுப்பறையே. ஆனால் 1973இல் அதே அமைப்பினுள்ளே பயனாளர் ஒருவர்க்கொருவர் குறிப்பெழுதி உரையாடும் வசதி செய்யப்பட்டது. பாடம் படிக்க வந்தவர்கள் பேசிப் பழகவும் கூடி ஆராயவும் தலைப்பட்டனர். கற்பிப்பதற்கென்று கட்டிய இடத்திலே மனிதர் கூடுவதற்கான முற்றம் ஒன்று தானாகவே உருவாயிற்று எனலாம்.

1990களின் நடுப்பகுதியிலே கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த முறே கோல்ட்பேர்க் என்பார், பாடத்துக்கான இணையத் தளத்தை ஆசிரியரே எளிதில் அமைத்துக்கொள்ளும் வகையில் வெப்சிற்றி என்ற மென்பொருளை ஆக்கினார். 1997இல் அமெரிக்காவிலே பிளக்போட் நிறுவனம் தோன்றிற்று. பாடத் தளம் என்பது விலைக்கு விற்கும் பொருளாயிற்று.

இவ்விற்பனைப் பொருளிலே மனநிறைவு கொள்ளாத ஒருவர் அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரிலே இருந்தார். கேர்ட்டின் பல்கலைக்கழகத்திலே வெப்சிற்றியைப் பராமரிக்கும் பணியில் இருந்த மாட்டின் டூகியாமஸ் என்பவரே அவர். மேற்கு அவுஸ்திரேலியாவின் பாலைநிலத்துக் குடியிருப்பு ஒன்றிலே சிறுவராக வாழ்ந்த காலத்தில் அவருக்கு நாம் அறிந்த வகையிலான பாடசாலை கிடைக்கவில்லை. பாடங்கள் ஆகாயவிமானத்திலே வந்திறங்கின. ஆசிரியரின் குரல் வானொலி வழியே வந்தது. தொலைவிலிருந்து கற்பதன் தனிமையை அனுபவித்தறிந்த அவர், கற்போர் ஒருவர்க்கொருவர் விளங்கவைப்பதன் மூலமே அறிவு முதிர்கின்றது என்ற கொள்கையை அடிப்படையாக வைத்து 2002 ஓகஸ்டிலே மூடில் என்ற மென்பொருளை வெளியிட்டார். அதனை எவரும் விலையின்றிப் பெறலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம். இலங்கைப் பல்கலைக்கழகங்களின் இணைய வகுப்பறைகளுட் பல இன்று இந்த மூடிலின் மீது எழுந்தவையே.

2004இல் மிச்சிகன், இந்தியானா, ஸ்ரான்போட் பல்கலைக்கழகங்களும் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனமும் ஒன்றுசேர்ந்து, மெலன் நிதியத்தின் 24 இலட்சம் டொலர் உதவியோடு சக்காய் என்ற மென்பொருளை ஆக்கத் தொடங்கின. மிச்சிகனிலே அதற்கு முன்னிருந்த மென்பொருள் ஆங்கிலத்திலே சமையற்கலைஞரைக் குறிக்கும் ‘செஃப்’ என்னும் பெயரைத் தாங்கியிருந்தமையால், புதியதற்கு யப்பானியத் தொலைக்காட்சியிற் புகழ்பெற்ற சமையற்கலைஞரான சக்காய் என்பாரின் பெயரைச் சூட்டினர். பெயர் விளையாட்டாக அமைந்தாலும், அதனுள்ளே இருந்த பாகுபாடு ஒன்று விளையாட்டன்று. அதுவே இக்கட்டுரையின் தலைப்பாகும்.

இரு வகைத் தளங்கள்

சக்காயிலே இரு வகைத் தளங்களை அமைக்கலாம். ஒன்று பாடத் தளம். மற்றையது பணித் தளம். பாடத் தளத்துக்கு மாணவர் பெயர்ப்பட்டியல் பல்கலைக்கழகப் பதிவேட்டிலிருந்து வருகின்றது. அங்கே ஆசிரியர், துணையாசிரியர், மாணவர் என்ற வரிசை உண்டு. தவணை தொடங்கும்போது தளம் திறக்கும். தவணை முடியும்போது அதன் உயிரும் முடியும். பணித் தளமோ வேறு வகையினது. ஒரு வேலையை மேற்கொண்ட எவரும் அதனைத் தொடங்கலாம், வேண்டியவரைச் சேர்த்துக்கொள்ளலாம். அங்கே ஆசிரியர், மாணவர் என்ற பெயர்கள் இல்லை. தளத்தைப் பேணுபவர், தளத்தை அணுகுபவர் என்ற இரு நிலைகளே உள்ளன. மாணவி ஒருத்தி பேணுபவராகவும் பேராசிரியர் ஒருவர் அணுகுபவராகவும் இருத்தல் கூடும். வேலை முடியும்வரை தளமும் வாழும்.

இந்தப் பணித் தளத்தின் மூலக்கருத்தும் வகுப்பறைக்கு வெளியே பிறந்ததுதான். சுவர்களற்ற ஆய்வுகூடம் ஒன்றைக் குறிப்பதற்கு அமெரிக்கக் கணினி விஞ்ஞானி வில்லியம் வுல்ஃப் 1989இல் ஒரு புதுச் சொல்லையே ஆக்கினார். கூட்டாய்வுச்சாலை என்று அதனைத் தமிழாக்கலாம். 1990களிலே மிச்சிகன் பல்கலைக்கழகம் இக்கருத்தைச் செயலாக்கிப் பார்த்தது. மேல்வளிமண்டலத்தை ஆராயும் கருவிகள் பனி மூடிய கிறீன்லாந்திலே இருந்தன. விஞ்ஞானிகளோ தத்தம் ஊர்களிலே இருந்தனர். கருவிகள் தரும் அளவுகளை எல்லாரும் ஒரே வேளையிற் கண்டு, உடனுக்குடன் ஒருவரோடொருவர் உரையாடி ஆராய்ந்தனர். முன்னர் அனுபவமிக்க ஒருவர் மட்டும் கிறீன்லாந்துக்குப் பயணஞ்செய்து பார்த்தவற்றை, இளம் ஆராய்ச்சி மாணவர்களும் தம் இருக்கையிலிருந்தே பார்த்தனர்; பெரியவர்கள் எவ்வாறு ஐயுறுகின்றனர், எவ்வாறு வாதிடுகின்றனர் என்பதையும் உடனிருந்து கேட்டனர். கல்வியிலே இதனினும் சிறந்த பாடம் வேறொன்று உண்டோ?

பாடத் தளம் வேண்டாம் என்று நான் கூறவில்லை. பாடத்திட்டம், வாசிப்புப் பட்டியல், ஒப்படைக்குரிய நாள், புள்ளிகள் ஆகியன ஓரிடத்தில் ஒழுங்காக இருப்பது மாணவர்க்குப் பேருதவி. ஆயினும், பாடத் தளம் மேலிருந்து கீழ்நோக்கிப் பாயும் வாய்க்கால். பணித் தளமோ பல திசைகளிலிருந்தும் நீர் வந்து சேரும் குளம் போன்றது. நாம் வாய்க்கால்களை வெட்டியிருக்கின்றோம். குளம் ஒன்றையேனும் கட்டினோமா என்பதே என் ஐயம்.

நம் நாட்டு அனுபவம்

பெருந்தொற்றுக் காலத்திலே நம் பல்கலைக்கழகங்கள் பாராட்டத்தக்க வேகத்தோடு செயற்பட்டன என்பதை மறைத்தல் நன்றன்று. லேர்ண் எனப்படும் இலங்கைக் கல்வி ஆராய்ச்சி வலையமைப்பு முன்னரே இருந்தமையால், அதன் வழியே சூம் விரிவுரைகள் விரைவில் ஒழுங்கு செய்யப்பட்டன. தொலைத்தொடர்பு நிறுவனங்களும் பல்கலைக்கழகத் தளங்களைக் கட்டணமின்றி அணுகச் சில காலம் இடமளித்தன. பாடசாலைகளின் நிலையோ வேறு. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளம் இருந்தபோதிலும், நடைமுறையிலே பெரும்பாலான ஆசிரியர்க்குக் கைகொடுத்தது வாட்ஸ்அப் குழுவே. நாட்டிலே ஐந்து வீடுகளுக்கு ஏறத்தாழ ஒரு வீட்டிலேயே கணினி உண்டென 2019ஆம் ஆண்டின் அரச புள்ளிவிபரம் கூறியது. ஆகவே கைத்தொலைபேசியே வகுப்பறையாயிற்று. மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டிலே தந்தையாரின் தொலைபேசி ஒன்றே மூன்று வகுப்புக்களுக்கும் பொதுவாயிற்று. 2021இல் ஊவா மாகாணத்து மலைக்கிராமங்களிலே பிள்ளைகள் அலைவரிசை தேடிப் பாறையிலும் மரத்திலும் ஏறியிருந்த படங்கள் உலகப் பத்திரிகைகளில் வெளிவந்தன.

அதே ஆண்டு ஜூலையிலே அதிபர்களும் ஆசிரியர்களும் சம்பள முரண்பாட்டைத் தீர்க்குமாறு கோரி இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகினர். அப்போராட்டம் ஒக்டோபர் வரை நீண்டது. அதன் நியாயங்களை ஆராய்வது இங்கு நோக்கமன்று. ஆனால், அது ஓர் உண்மையை எடுத்துக்காட்டிற்று. இணைய வகுப்பறையின் தொலைபேசியும் ஆசிரியருடையது. தரவுக் கட்டணமும் ஆசிரியருடையது. இரவு பத்து மணிக்கு மாணவன் அனுப்பும் வினாவுக்கு விடையெழுதும் நேரமும் ஆசிரியருடையதே. பாடசாலைக்குச் சொந்தமான இடம் என்று ஒன்று அங்கே இருக்கவில்லை. ஆசிரியர் விலகியபோது வகுப்பறையும் அவரோடு சென்றுவிட்டது. 2022இல் எரிபொருள் தட்டுப்பாடும், ஒரு கட்டத்திலே நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை நீண்ட மின்வெட்டும் வந்தபோது இதே பாடம் மீண்டும் புகட்டப்பட்டது.

இன்று வாட்ஸ்அப் குழுக்கள் தொடர்கின்றன. அவற்றிலே காலையில் அனுப்பிய குறிப்பு மாலையிலே வாழ்த்துப் படங்களின் கீழ்ப் புதைந்துவிடுகின்றது. சென்ற தவணையில் ஒரு மாணவி கேட்ட நல்ல வினா இவ்வாண்டு மாணவிக்குக் கிடைப்பதில்லை. பிள்ளைகளின் தொலைபேசி இலக்கங்கள் குழுவிலுள்ள எல்லாருக்கும் தெரிகின்றன. தனிப்பட்ட தரவுகளைக் காக்கவென 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றிய பின்னரும் இதனைப் பற்றி எவரும் அலட்டிக்கொள்வதாகத் தெரியவில்லை.

பல்கலைக்கழகத் தளங்களோ ஒழுங்கானவை; ஆனால் ஓசையற்றவை. எனக்குத் தெரிந்த மாணவர் சிலர் தம் பாடத் தளங்களைக் காட்டியபோது நான் கண்டது பெரும்பாலும் ஒன்றே. வாரம் ஒன்று, வாரம் இரண்டு என்ற தலைப்புக்களின் கீழே விரிவுரைப் படங்கள். இறுதியிலே ஒப்படையைச் சமர்ப்பிக்கும் பெட்டி. கருத்தாடலுக்கென ஒதுக்கிய பகுதியிலே “பரீட்சை ஒத்திவைக்கப்பட்டுள்ளது” என்ற ஓர் அறிவித்தல் மட்டும் தனித்து நின்றது. “இங்கே நீங்கள் ஒன்றும் எழுதுவதில்லையா?” என்று கேட்டேன். “சேர், அதிலே எழுதலாமென்று எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை” என்றார் ஒருவர். கற்போர் கூடிப் பேசவேண்டும் என்ற கொள்கைக்காகவே படைக்கப்பட்ட மென்பொருளை எடுத்து, அதன் வாயை அடைத்து, போட்டோப் பிரதி நிலையமாக ஆக்கியிருக்கின்றோம்.

இடம் யாருடையது?

இனி, நாம் குறிப்புக்களையும் ஆக்கங்களையும் வைக்கும் இடம் யாருக்குச் சொந்தம் என்பதையும் எண்ணிப்பார்த்தல் வேண்டும். ஆசிரியர்களும் மாணவர்களும் கூடியெழுதுவதற்கு ஒருகாலத்திலே விரும்பிப் பயன்படுத்திய விக்கிஸ்பேசஸ் 2018 ஜூலையிலே தன் இலவசத் தளங்களை மூடிற்று. 2020இல் எகிப்திய அரசு தன் பாடசாலைகளுக்கெனத் தெரிந்தெடுத்த எட்மோடோ 2022 செப்டெம்பரிலே முற்றாக மறைந்தது. யாகூ குழுமங்கள் 2020 டிசம்பரிலே ஓய்ந்தன. தமிழறிஞரும் ஆர்வலரும் ஆண்டுக்கணக்கிலே அங்கு நடத்திய உரையாடல்களுட் பல அவற்றோடு போயின. வாடகை வீட்டிலே மாமரம் நடுபவன் காய்க்கும் காலத்தை எண்ணித்தான் நடவேண்டும்.

விலை கொடுத்து வாங்குவதும் முழுக் காப்பன்று. 2006 ஜனவரியிலே பிளக்போட் நிறுவனம் இணையவழிக் கற்பித்தல் முறை பற்றி ஓர் ஆக்கவுரிமையைப் பெற்று, அவ்வாண்டிலேயே கனடிய நிறுவனம் ஒன்றின்மீது வழக்கும் தொடுத்தது. ஆசிரியர், மாணவர் என்ற நிலைகளை ஒருவருக்கே வெவ்வேறு பாடங்களில் வழங்கும் முறைகூடத் தனக்கே உரியது என்று அது வாதிட்டது. 2008இல் யூரிமார் அந்நிறுவனத்துக்கு 31 இலட்சம் டொலர் வழங்கத் தீர்ப்பளித்தனர். 2009இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவ்வுரிமைக் கோரிக்கைகள் செல்லாவென்றது. பிளக்போட்டைப் பின்னர் தன்னோடு இணைத்துக்கொண்ட அந்தோலொஜி நிறுவனம் 2025 செப்டெம்பரிலே கடன்சுமை தாளாது நீதிமன்றப் பாதுகாப்பை நாடியது. அதற்கு அடுத்த மாதம் அமேசன் நிறுவனத்தின் கணினி நிலையங்களில் நேர்ந்த ஒரு கோளாற்றினால், கன்வஸ் என்ற பாடத் தளத்தை நம்பியிருந்த பல்கலைக்கழகங்களின் மாணவர்கள் ஒரு நாள் தம் வகுப்பறைக்குள் நுழைய இயலாது நின்றனர். பெரியவர்களின் கையிலே ஒப்படைத்தால் எல்லாம் பத்திரம் என்ற நம்பிக்கைக்கு இவை போதிய மறுப்பாகும்.

இதனாலே, நாமே எல்லாவற்றையும் கட்டவேண்டும் என்பது பொருளன்று. நாம் ஆக்கியவற்றை வேண்டும்போது எடுத்துச்செல்லும் உரிமை நமக்கு இருத்தல் வேண்டும் என்பதே பொருள். மூடில் போன்றவற்றிலே ஒரு பாடத் தளம் முழுவதையும் ஒரே கோப்பாகப் பொதிந்து இறக்கிவைக்கலாம். தவணைதோறும் அவ்வாறு செய்து இரண்டு இடங்களிலே வைப்பதற்கு அரைமணி நேரம் போதும். அந்த அரைமணி நேரத்தைத் தன் கடமையாகக் கொண்ட ஒருவர் ஒவ்வொரு கலாசாலையிலும் உளரா என்பதே வினா.

இயந்திரம் எழுதும் விடைகள்

பணித் தளத்தைப் பற்றி இன்று பேசுவதற்கு மற்றுமொரு காரணம் உண்டு. 2022 நவம்பரிலே சட்ஜிபிரி வெளிவந்ததன் பின்னர், வினாவைக் கொடுத்து விடைக் கட்டுரையைப் பெட்டியிலே போடச்சொல்லும் முறை அடித்தளம் ஆடிப்போய் நிற்கின்றது. பெட்டிக்குள் விழும் கட்டுரை மாணவன் எழுதியதா, இயந்திரம் எழுதியதா என்று கண்டுபிடிக்கும் கருவிகளை நாடுவோர் உளர். அக்கருவிகள் தவறிழைத்து நேர்மையான மாணவனைக் குற்றவாளியாக்குவதும் உண்டு. ஆசிரியர் துப்பறிவாளராக மாறும் வகுப்பறையிலே கல்வி நெடுநாள் நிலைக்காது.

கூடியெழுதும் தளத்திலோ ஒவ்வொரு பக்கத்துக்கும் வரலாறு உண்டு. யார் எப்போது எந்த வரியைச் சேர்த்தார், எதனை நீக்கினார், ஏன் நீக்கினார் என்பன அங்கே கிடக்கும். முதலிலே தட்டுத்தடுமாறி எழுதிய வாக்கியமும், நண்பனின் மறுப்பும், அதன் பின்னர் வந்த திருத்தமும் கண்முன் நிற்கும். இயந்திரம் செய்ததை அங்கே ஒட்டமுடியாதென நான் கூறமாட்டேன்; ஒட்டலாம். ஆனால் பத்து வாரங்களாக ஐந்து பேர் நடத்திய வாதத்தை ஒட்டுதல் எளிதன்று. தான் சென்று பார்த்த கிணற்றின் நீர்மட்டத்தையும், தன் பாட்டியார் சொன்ன சொல்லின் பொருளையும் இயந்திரத்திடம் பெறுதல் இயலாது. விடையை மட்டும் வாங்கிய காலம் முடிகின்றது. விடை விளைந்த வழியைப் பார்க்கும் காலம் வந்திருக்கின்றது.

நமக்குப் புதிதன்று

கூடி ஆக்கும் இம்முறை மேலைநாட்டிலிருந்து இன்று வந்திறங்கிய புதுமை என எண்ணுவோர் மானிப்பாயின் வரலாற்றை நினைவிற் கொள்ளல் நன்று. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், 1860களிலே மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்கத் துணிந்தார். நூல்கள் இல்லை, சொற்களும் இல்லை. தம்மிடம் கற்ற மாணாக்கரையே துணையாகக்கொண்டு மொழிபெயர்த்தார். கலைச்சொற்களை அவரோடு ஆராய்ந்து வகுத்தார். இரண வைத்தியம், கெமிஸ்தம் முதலிய நூல்கள் அவ்வாறு எழுந்தவை. தாயகம் திரும்பிய பின்னரும் அவர் இப்பணியைக் கைவிடவில்லை. கப்பல் தபாலை நம்பியிருந்த காலத்திலே கடலின் இருகரையிலும் இருந்து ஆசிரியரும் மாணாக்கரும் நடத்திய வேலையைப் பணித் தளம் என்றழைக்காமல் வேறென்னவென்றழைப்பது?

நம் காலத்திலும் சான்றுகள் உண்டு. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம், உலகின் பல பாகங்களிலிருந்த தமிழர் தட்டெழுதியும் ஒப்புநோக்கியும் பழந்தமிழ் நூல்களை இணையத்திலேற்றிய கூட்டுமுயற்சி. 2003இல் தோன்றிய தமிழ் விக்கிப்பீடியாவை முதல் ஆண்டுகளிலே பேணி வளர்த்தவருள் முதன்மையானவர், வளைகுடா நாட்டிலே கட்டடக் கலைஞராகப் பணியாற்றிய இலங்கையரான இ. மயூரநாதன். இன்று அது ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட கட்டுரைகளைக் கொண்டு விளங்குகின்றது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததைக் கண்ட சமூகம், 2005இல் நூலகம் என்ற எண்ணிம நூலகத்தைத் தொடங்கி ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் சேர்த்துவருகின்றது. இவற்றை ஆக்கியவர்களுக்கு எவரும் புள்ளி வழங்கவில்லை. வரவுப் பதிவும் எடுக்கவில்லை. பொதுவான ஒரு வேலையும், அதனைச் செய்வதற்கு ஓரிடமும் இருந்தன, அவை போதுமாயிருந்தன. கலாசாலைகளுக்கு வெளியே இத்துணை செய்த தமிழர், கலாசாலைகளுக்குள்ளே வெறும் குறிப்புப் பெட்டிகளோடு அமைவது வியப்புக்குரியது.

எங்ஙனம் தொடங்கலாம்?

இதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை; தெளிவு வேண்டும். முதலில், தளத்தை அமைக்குமுன் வேலையைத் தெரிந்தெடுத்தல் வேண்டும். வலிகாமத்துக் கிணறுகளின் நீர்மட்டத்தையும் உவர்த்தன்மையையும் நான்கு பாடசாலைகளின் மாணவர் மாதந்தோறும் அளந்து பதிதல் ஒரு வேலை. மட்டக்களப்பு, மன்னார், மலையகம், புத்தளம் ஆகிய இடங்களின் பேச்சுவழக்குச் சொற்களைத் திரட்டி, பயன்படும் வாக்கியத்தோடு அகராதியாக்குதல் மற்றொன்று. மூடிலிலே மாணவர் கூடிச் சொற்றொகுதி ஆக்குவதற்கும், ஒருவர் ஆக்கத்தை மற்றவர் மதிப்பிடுவதற்கும் தனித்தனி வசதிகள் முன்னரே உள்ளன; நாம்தான் திறந்து பார்க்கவில்லை.

இரண்டாவதாக, பேணும் பொறுப்பை மாணவர்க்குப் பகிர்ந்தளித்தல் வேண்டும். மாதத்துக்கு இருவர் என முறைவைத்து, புதியவரை வரவேற்றல், சிதறிய பக்கங்களை ஒழுங்குசெய்தல், விடையின்றிக் கிடக்கும் வினாவை உரியவரிடம் சேர்ப்பித்தல் ஆகியவற்றை அவர்கள் கவனிக்கலாம். ஆசிரியர் வாரத்துக்கு இருமுறை வந்து, ஒரு நல்ல வினாவை எழுப்பிச் செல்வாராயின் அதுவே பெரிது. அவர் எல்லாவற்றுக்கும் முந்திக்கொண்டு விடை கூறுவாராயின் மாணவர் வாயடைத்துப்போவர்.

மூன்றாவதாக, நாட்டின் நிலைமைக்கேற்ப எளிமை வேண்டும். எழுத்தும் சிறிய ஒலிப்பதிவும் முதலிடம் பெறட்டும். காணொளி கடைசியாக வரட்டும். கைத்தொலைபேசியிலே திறக்காத பக்கம் நம் பிள்ளைகளைப் பொறுத்தவரை இல்லாத பக்கமே. அலைவரிசை கிடைக்கும் இடத்திலே பாடத்தை இறக்கிக்கொண்டு, வீட்டிலே இணையமின்றிப் படிக்கும் வசதி மூடிலின் கைத்தொலைபேசிச் செயலியில் உண்டு.

நான்காவதாக, எழுத்துரு. பாமினி முதலிய பழைய எழுத்துருக்களிலே தட்டெழுதிய குறிப்புக்கள் இன்றும் தளங்களிலே ஏற்றப்படுகின்றன. அவ்வெழுத்துரு இல்லாத கருவியிலே அவை ஆங்கில எழுத்துக்களின் குப்பையாகத் தெரியும், தேடினாலும் அகப்படா. ஒருங்குறியில் எழுதாத தமிழ், இணையத்திலே ஊமைத் தமிழ். மாணவர்க்கு இதனைப் பழக்குதல் கணினிப் பாடத்துக்கு மட்டும் உரிய கடமையன்று. தமிழ்ப் பாடத்துக்கும் உரியது.

பரீட்சையே எல்லாமாகிய நாட்டிலே இதற்கெல்லாம் நேரம் ஏது என்று ஆசிரியர் வினவுவர். அவ்வினா நியாயமானதே. க.பொ.த. உயர்தர வகுப்பு மாணவன் பாடசாலை முடிந்ததும் ரியூட்டரிக்கு ஓடுகின்றான். கூட்டுப்பணிக்கு அவனிடம் எஞ்சும் நேரம் குறைவு. ஆதலின், ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரையிலும், கல்வியியற் கல்லூரிகளிலும், பல்கலைக்கழகத்து முதலாண்டிலும் தொடங்குதல் தக்கது. அங்கே பழகியவன் பின்னர் தானாகவே இடத்தைத் தேடுவான். இன்னொன்றையும் கூறுதல் வேண்டும். ஆசிரியரின் இந்த உழைப்புக்குக் கால அட்டவணையிலே இடமும், தரவுக் கட்டணத்துக்கு வழியும் காட்டாது, தியாகம் செய்யுமாறு மட்டும் கேட்பது முறையன்று. 2021இன் அனுபவத்தைக் கல்வி அதிகாரிகள் மறந்திருக்கமாட்டார்கள்.

இணையத்திலே இடம் அமைப்பது இன்று மிக எளிது. சில நிமிட வேலை. அந்த இடத்திலே கூடிச்செய்வதற்குத் தக்க வேலையைத் தேர்வதும், செய்ததைக் காப்பதும், அடுத்த ஆண்டு வருவோர்க்குக் கையளிப்பதும் எளிதல்ல. அது கல்வியாளரின் பணி. எந்த நிறுவனமும் நமக்காக அதனைச் செய்து தரப்போவதில்லை. வருகின்ற தவணையிலே ஒவ்வொரு கலாசாலையும் ஒரே ஒரு பணித் தளத்தையேனும், ஒரே ஒரு நல்ல வேலையின் பொருட்டுத் தொடங்கிப் பார்க்கட்டும். ஓராண்டின் பின் அதனுள்ளே நம் பிள்ளைகள் எழுதிய தமிழ் எவ்வளவு இருக்கின்றது என்பதைக் கொண்டு அதன் வெற்றியை மதிப்பிடுவோமாக.